வழக்கமாக எப்படி எடுத்துக்கொள்வீர்கள்? மலைக்கு வினாத்தாளோடு வருகிறவர்களுக்கு ஒரு வழிகாட்டி

நீலகிரியில் கோத்தகிரிக்குப் பக்கத்தில் ஒரு ஹட்டி, அதாவது படுகர்கள் வாழும் ஒரு சிற்றூர். அக்காவும் தங்கையும் ஒரே ஊரில் வாழ்க்கைப்பட்டு அடுத்தடுத்த வீட்டில் இருக்கிறார்கள். இருவருக்கும் ஏறக்குறைய ஒரே அளவு தேயிலைத் தோட்டம். பசுந்தேயிலை விலை சடாரென்று இறங்கிய ஒரு வாரத்தில் இருவரோடும் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தேன். "இப்படியே போனா தோட்டத்த வித்துட்டு திருப்பூருக்குத்தான் போகணும்" என்றார் அக்கா. மூன்று நாளாகத் தூக்கமில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. தங்கையோ, "விலை இறங்குறது புதுசா என்ன? மேல் தோட்டத்தக் கவாத்து பண்ண இதுதான் நேரம். கீழ கொஞ்சம் கேரட் போட்டுப் பாக்கணும்" என்று சொல்லிவிட்டு டீ போட எழுந்து போனார்.

விலை ஒன்றுதான், நிலமும் ஒன்றுதான். எடுத்துக்கொண்ட விதம்தான் வேறு. அதுவும் அந்த ஒரு வாரத்துக்கு மட்டும் அப்படியா, அல்லது எது வந்தாலும் அக்கா அப்படித்தான் எடுத்துக்கொள்வாரா? இந்தக் கேள்விக்கு ஒழுங்காகப் பதில் கண்டுபிடிப்பதற்குத்தான் இந்தக் கட்டுரை. உளவியல், சமூகப் பணி படிக்கும் மாணவர்கள் ஆய்வேட்டுக்காக ஒவ்வொரு வருடமும் நீலகிரிக்கு வருகிறார்கள். தொண்டு நிறுவனங்களில் புதிதாகச் சேர்ந்தவர்களும் வருகிறார்கள். குன்னூர், கோத்தகிரி, கூடலூர் பக்கம் பத்து வருடத்துக்கும் மேலாக இப்படி ஆட்களிடம் கேட்டு அளக்கும் வேலையில் இருப்பவள் என்பதால் அவர்கள் என்னிடம் கேட்பதை எல்லாம் ஒரே இடத்தில் எழுதிவிடலாம் என்று தோன்றியது.

எதை அளக்கிறோம் என்று முதலில் பிரித்துக்கொள்ளுங்கள்

'மன அழுத்தம்' என்ற ஒரே சொல்லுக்குள் நாம் நான்கு வேறு விஷயங்களைப் போட்டு அடைத்துவிடுகிறோம். குன்னூர் – மேட்டுப்பாளையம் சாலையில் மண் சரிந்து பஸ் நின்றுவிட்டது என்று வையுங்கள். அது சம்பவம். "ஐயோ, அம்மாவ நாளைக்கு ஆஸ்பத்திரிக்கு எப்படிக் கூட்டிட்டுப் போவேன்" என்று மனசு அடித்துக்கொள்வது மதிப்பிடல். கோத்தகிரி வழியாகச் சுற்றிப் போக ஒரு வண்டி பேசுவது சமாளிப்பு. ராத்திரி வயிறு எரிவதும் தலை வலிப்பதும் விளைவு. இந்த நான்கில் இரண்டாவதுதான் நம் வேலை. வினாத்தாளில் உள்ள ஒவ்வொரு கேள்வியையும் எடுத்து, இது நான்கில் எதைக் கேட்கிறது என்று பக்கத்தில் குறித்துப் பாருங்கள். பாதிக் கேள்விகள் விளைவைக் கேட்டுக்கொண்டிருப்பது தெரியவரும்.

இந்தப் பிரிவைத் தெளிவாக்கியவர் அமெரிக்க உளவியலாளர் ரிச்சர்ட் லாசரஸ். 1960களில் அவரும் உடன் இருந்தவர்களும் பார்க்கவே கூசும் ஒரு படத்தை ஆட்களுக்குப் போட்டுக் காட்டினார்கள். படம் ஒன்றுதான், பின்னால் ஓடிய விளக்க உரையை மட்டும் ஆளுக்கு ஆள் மாற்றினார்கள். வலியை அழுத்திச் சொன்ன உரையைக் கேட்டவர்களைவிட, விலகி நின்று விவரித்த உரையைக் கேட்டவர்களின் உடம்பு குறைவாகப் பதறியது. கண் பார்த்தது ஒன்றே என்றாலும், அதை எப்படி எடுத்துக்கொள்வது என்று காதில் விழுந்தது உடம்பு வரைக்கும் இறங்கிவிட்டது. 1984-ல் லாசரஸும் சூசன் ஃபோக்மனும் சேர்ந்து இதை முழுக் கோட்பாடாக எழுதினார்கள். அவர்கள் கணக்கில் மனசு இரண்டு கேள்வி கேட்டுக்கொள்கிறது. ஒன்று, "இதனால எனக்கு என்ன ஆகும்?" இன்னொன்று, "என்னால என்ன செய்ய முடியும்?" முதலாவது தொடக்க மதிப்பிடல், அடுத்தது இரண்டாம் மதிப்பிடல். பெயரில்தான் முதலும் இரண்டும். இரண்டும் ஒன்றாகவே ஓடும், ஒன்றையொன்று மாற்றிக்கொண்டும் இருக்கும்.

முதல் கேள்விக்கு வரும் பதில் மூன்று வகை: இழப்பு, அச்சுறுத்தல், சவால். பாடத்தில் இப்படி இருக்கும். நம் ஊரில் இந்த மூன்றுக்கும் ஆளுக்கொரு வார்த்தை தயாராக இருக்கிறது. நடந்து முடிந்ததற்கு "போச்சே". வரப்போவதை நினைத்து "என்ன ஆகுமோ". மூன்றாவதற்கு "பாத்துடலாம்". களத்தில் காதைத் தீட்டிக்கொண்டு இந்த மூன்றையும் கேளுங்கள். வினாத்தாளைப் பிரிப்பதற்கு முன்னாலேயே பாதி விஷயம் கிடைத்துவிடும்.

'வழக்கமாக' என்ற சொல்லில்தான் எல்லாம் இருக்கிறது

ஒருவர் இன்றைக்கு, இந்தச் சம்பவத்தை எப்படி எடுத்துக்கொண்டார் என்பது ஒரு நிலை. எது வந்தாலும் பெரும்பாலும் எப்படி எடுத்துக்கொள்கிறார் என்பது ஒரு சுபாவம், ஒரு பழக்கம். இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு நானே ஒரு முழு ஆய்வைக் கெடுத்திருக்கிறேன்.

அது ஒரு நவம்பர் மாதம். வடகிழக்குப் பருவமழை வெளுத்து வாங்கிக்கொண்டிருந்தது. 2009 நவம்பரில் நீலகிரியில் மண் சரிந்து 40 பேருக்கு மேல் உயிரிழந்ததைக் குன்னூர், ஊட்டி, கோத்தகிரிப் பக்கம் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். கூரையில் மழைச் சத்தம் கேட்டாலே சில வீடுகளில் பேச்சு நின்றுவிடும். அந்த மாதிரி ஒரு வாரத்தில் வீடு வீடாகப் போய், "கஷ்டமான சூழ்நிலை வந்தால் நான் மிகவும் பயப்படுகிறேன்" என்று வாசித்துக் காட்டி மதிப்பெண் வாங்கி வந்தேன். எல்லாருக்கும் அச்சம் உச்சத்தில் இருந்தது. 'இப்பகுதி மக்கள் இயல்பாகவே எதையும் அச்சுறுத்தலாகப் பார்ப்பவர்கள்' என்று அறிக்கையில் எழுதியும் விட்டேன். பிப்ரவரியில், வானம் தெளிந்து வெயில் அடிக்கும்போது, வேறு வேலையாக அதே வீடுகளுக்குப் போனேன். அதே அம்மாக்கள் சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். மனசு உறுத்தியது. அதே கேள்விகளை மறுபடி கேட்டேன். பதில்கள் அடியோடு மாறியிருந்தன. நான் மழையை அளந்துவிட்டு ஆட்களை அளந்ததாக எழுதியிருக்கிறேன். அந்த அறிக்கையைத் திருத்தி அனுப்பினேன். ஆனால் முதல் பிரதியைப் படித்தவர்கள் எல்லாரும் திருத்தத்தைப் படித்திருப்பார்களா என்ற கவலை இன்னும் இருக்கிறது.

ஆகவே காலத்தைத் தேர்ந்தெடுப்பது முதல் படி. பெரிய சம்பவம் நடந்த உடனே சுபாவத்தை அளக்கப் போகாதீர்கள். முடிந்தால் மழைக் காலத்தில் ஒரு தடவை, வறண்ட காலத்தில் ஒரு தடவை அளந்து, இரண்டிலும் நிலையாக நிற்பது எது என்று பாருங்கள். குன்னூர், கோத்தகிரிக்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழை பலம். கூடலூர், பந்தலூருக்கு ஜூன் முதல் செப்டம்பர் வரைதான் கொட்டும். ஒரே மாவட்டம்தானே என்று இரண்டு பக்கமும் ஒரே மாதத்தில் போனால், ஒரு பக்கத்து மழையையும் இன்னொரு பக்கத்து வெயிலையும் ஒப்பிட்டுக்கொண்டிருப்பீர்கள்.

கருவியைத் தேர்ந்தெடுப்பது

புதியவர்கள் பலரும் நேராகக் கையில் எடுப்பது 1983-ல் ஷெல்டன் கோஹனும் சகாக்களும் வெளியிட்ட உணரப்பட்ட அழுத்த அளவுகோல். முதலில் 14 கேள்விகள், இப்போது பரவலாகப் புழங்குவது 10 கேள்வி வடிவம். நல்ல கருவிதான். ஆனால் அது கடந்த ஒரு மாதத்தில் வாழ்க்கை எவ்வளவு பாரமாக, கை மீறிப் போனதாகத் தோன்றியது என்று கேட்கிறது. ஒருவர் வழக்கமாக எதை எப்படி எடுத்துக்கொள்கிறார் என்று அது கேட்பதில்லை. ஒப்பிட்டுப் பார்க்கப் பக்கத்தில் வைத்துக்கொள்ளலாம், முதன்மைக் கருவியாக வைக்க வேண்டாம்.

1990-ல் பீக்காக், வோங் இருவரும் வெளியிட்ட அழுத்த மதிப்பிடல் அளவையில் 28 கேள்விகள் உண்டு. அச்சுறுத்தல், சவால், எனக்கு இது எவ்வளவு முக்கியம், என் கையில் இருக்கிறதா, பிறர் உதவி கிடைக்குமா, யார் கையிலும் இல்லையா, மொத்தத்தில் எவ்வளவு அழுத்தம் என்று ஏழு பிரிவு, பிரிவுக்கு நான்கு கேள்வி. வரப்போகும் ஒரு குறிப்பிட்ட சூழ்நிலையை மனதில் வைத்துப் பதில் சொல்லச் செய்த கருவி அது. 'பிறர் உதவி கிடைக்குமா' என்ற பிரிவு நம் ஊருக்கு மிகவும் வேண்டியது. ஹட்டியிலோ, தோட்டத் தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் லைன் வீட்டிலோ ஒரு கஷ்டம் ஒரு ஆளோடு நிற்பதில்லை, பங்காளியும் பக்கத்து வீடும் சங்கமும் சேர்ந்துதான் அதைத் தூக்கும்.

சுபாவத்தை நேராகக் கேட்பதற்கு 2002-ல் ஸ்கின்னரும் ப்ரூவரும் வெளியிட்ட மதிப்பிடல் அளவை இருக்கிறது. 18 வாக்கியங்கள், அச்சுறுத்தலுக்கு 10, சவாலுக்கு 8, ஆறு படி விடை. எதைப் பயன்படுத்தினாலும் உருவாக்கியவர்களின் அனுமதி நிபந்தனையைப் பார்த்து, தேவை என்றால் எழுதிக் கேட்டுவிடுங்கள்.

இவை எல்லாம் ஆங்கிலம் பேசும் நாட்டில், பெரும்பாலும் கல்லூரி மாணவர்களை வைத்துப் பழகிய கருவிகள். 'நான் பொதுவாக இப்படித்தான்' என்று தன்னைப் பற்றிப் பொதுவாகச் சொல்வது அந்த மாணவர்களுக்குப் பழக்கம். கொழுந்து பறிக்கும் ஒரு அம்மாவிடம், "கஷ்டம் வந்தா பொதுவா எப்படி இருப்பீங்க?" என்று கேட்டுப் பாருங்கள். "எந்தக் கஷ்டத்தச் சொல்ற கண்ணு?" என்று திருப்பிக் கேட்பார். அவர் கேட்பதில் நியாயம் இருக்கிறது. அதனால் நான் இப்போது சூழ்நிலை முறையைத்தான் முதலில் பரிந்துரைக்கிறேன். ஐந்தாறு சூழ்நிலைகளைச் சொல்லி, ஒவ்வொன்றிலும் எப்படி எடுத்துக்கொள்வார் என்று கேட்டு, எல்லாவற்றிலும் திரும்பத் திரும்ப வருவது எதுவோ அதை வழக்கம் என்று எடுத்துக்கொள்வது.

சூழ்நிலைகளை எழுதுவது

சூழ்நிலைகள் அந்த ஊரில் உண்மையில் நடப்பவையாக இருக்க வேண்டும், பல வகையாகவும் இருக்க வேண்டும். எல்லாமே பணக் கஷ்டமாக இருந்தால் நீங்கள் அளப்பது பணக் கவலையை மட்டும்தான். நான் வைத்திருக்கும் ஆறு இவை:

பசுந்தேயிலை விலை அடுத்த மாதம் இன்னும் இறங்கும் என்று கேள்விப்படுகிறீர்கள்.

மூன்று நாளாக விடாத மழை. வீட்டுக்குப் பின்னால் மண் திட்டில் விரிசல் தெரிகிறது.

காலையில் வேலைக்குப் போகும் வழியில் காட்டெருமை நிற்கிறது. (பந்தலூர்ப் பக்கம் போனால் இதை யானை என்று மாற்றிக்கொள்வேன்.)

மகளுக்குக் கோயம்புத்தூரில் ஒரு கல்லூரியில் இடம் கிடைத்திருக்கிறது. விடுதியில் தங்கிப் படிக்க வேண்டும்.

புதிதாக வந்த சூப்பர்வைசர் உங்களை மட்டும் தனியாகக் கூப்பிட்டு அனுப்புகிறார்.

வீட்டில் பெரியவர் ஒருவருக்கு ஆபரேஷன் செய்ய வேண்டும் என்று டாக்டர் சொல்கிறார்.

ஒவ்வொன்றுக்கும் நான்கே கேள்வி. "என்ன ஆகுமோன்னு பயம் வருமா?" "ஒரு கை பாத்துடலாம்னு தோணுமா?" "நம்மளால ஏதாவது செய்ய முடியும்னு தோணுமா?" "கேட்டா உதவ ஆள் இருக்குன்னு தோணுமா?" மொத்தம் 24. பேச்சோடு பேச்சாக அரை மணி நேரத்தில் முடிந்துவிடும்.

இதில் மூன்றாவது சூழ்நிலையைப் பற்றி ஒரு வார்த்தை. காட்டெருமையைக் கண்டு பயப்படாதவர் தைரியசாலி என்று குறித்துக்கொள்ளாதீர்கள். ஒதுங்கி நின்று, அது போகும் வரைக்கும் காத்திருப்பவர்தான் நிலைமையைச் சரியாக மதிப்பிடுகிறார். அச்சுறுத்தலாக எடுத்துக்கொள்வது கெட்டது, சவாலாக எடுத்துக்கொள்வது நல்லது என்ற எண்ணத்தோடு நிறைய ஆய்வேடுகள் எழுதப்படுகின்றன. உண்மையிலேயே ஆபத்தான இடத்தில் வாழ்கிறவர்களைப் பற்றி அப்படி எழுதுவது அவர்களுக்குச் செய்யும் அநியாயம் என்று நினைக்கிறேன்.

தமிழ் செய்யும் வேலை

ஆயத்த வினாத்தாளை மொழிபெயர்ப்பதாக இருந்தால், ஒருவர் தமிழாக்க வேண்டும். மூலத்தைப் பார்க்காத இன்னொருவர் அந்தத் தமிழைத் திரும்ப ஆங்கிலமாக்க வேண்டும். அப்புறம் இரண்டு ஆங்கிலத்தையும் பக்கத்தில் வைத்து எங்கே விலகுகிறது என்று பார்க்க வேண்டும். 1970-ல் பிரிஸ்லின் எழுதியதிலிருந்து இந்த மறுமொழிபெயர்ப்பு முறை பரவலாகிவிட்டது. தேவையானதுதான், ஆனால் போதாது. இரண்டு படித்தவர்கள் ஒத்துப்போனால் அது இரண்டு படித்தவர்களுக்குப் புரிந்தது என்றுதான் அர்த்தம். எட்டுப் பத்துப் பேரிடம் வாக்கியத்தை வாசித்துக் காட்டி, "இது என்ன கேக்குதுன்னு உங்க வார்த்தையில சொல்லுங்க" என்று கேளுங்கள். இந்தப் படியைத் தாண்டிக்கொண்டு போகவே கூடாது. எனக்குத் தெரிந்த பெரிய தவறுகள் எல்லாம் இங்கேதான் பிடிபட்டன.

முதலாவது, காலம். தமிழில் வழக்கத்தைச் சொல்ல எதிர்கால வடிவத்தைத்தான் பயன்படுத்துகிறோம். 'காலையில ரெண்டு டீ குடிப்பேன்' என்றால் தினமும் குடிக்கிறேன் என்று பொருள். நாளைக்குக் குடிக்கப் போகிறேன் என்றும் அதே வடிவம் பொருள் தரும். ஆக 'பயப்படுவேன்' என்ற வாக்கியத்தை ஒருவர் பழக்கமாகவும் இன்னொருவர் இனி நடக்கப்போவதாகவும் எடுத்துக்கொள்ளலாம். சரி, நிகழ்காலத்தில் போடலாம் என்று 'பயப்படுகிறேன்' என்று எழுதினால், "இப்ப ஒண்ணும் பயமில்லையே" என்கிறார்கள். நான் நவம்பரில் செய்த தவறில் பாதி இந்த 'கிறேன்'தான். எதிர்கால வடிவத்தை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு கேள்வியிலும் 'வழக்கமா', 'பெரும்பாலும்', 'இதுக்கு முன்னாடி வந்தப்பல்லாம்' என்று ஏதாவது ஒன்றைச் சேர்த்து வாசியுங்கள். முதல் கேள்வியில் மட்டும் சேர்த்தால் போதாது, நான்காவது கேள்விக்குள் மறந்துவிடுவார்கள்.

அடுத்தது 'சவால்'. நம் பேச்சில் சவால் என்றால் ஒருவரைப் பார்த்து விடுவது. "யாருக்கும்மா நான் சவால் விட்டேன்?" என்று ஒரு பாட்டி பதறிப்போய்க் கேட்டார். அந்தச் சொல்லையே விட்டுவிட்டு 'ஒரு கை பாத்துடலாம்' என்று மாற்றினேன். இளைஞர்களிடம் சவால் என்றே கேட்கலாம், அவர்களுக்குப் பழகிவிட்டது.

'கவலை' இன்னும் சிக்கல். பிள்ளைகளைப் பற்றிக் கவலைப்படுவது தாயின் கடமை என்று நினைக்கும் ஒருவரிடம், "கவலைப்படுவீங்களா?" என்று கேட்டால், "கவலப்படாம எப்படி?" என்றுதான் சொல்வார். அந்தப் பதிலில் இருப்பது அக்கறை. அங்கே 'என்ன ஆகுமோ' என்ற தொடரே சரியாக வேலை செய்கிறது.

அப்புறம், "நம்ம கையில என்ன இருக்கு, எல்லாம் கடவுள் விட்ட வழி." இதைக் கேட்டதும் 'கட்டுப்பாடு இல்லை' என்ற கட்டத்தில் டிக் அடிக்கக் கை துடிக்கும். கொஞ்சம் பொறுங்கள். அதைச் சொல்லிக்கொண்டே கொட்டகைக்குத் தார்ப்பாய் கட்டிக்கொண்டிருந்த ஒரு பெரியவரைப் பார்த்திருக்கிறேன். விளைவைக் கடவுளிடம் விட்டுவிட்டு வேலையைத் தன் கையில் வைத்துக்கொள்வது நம் ஊரில் சாதாரணம். அந்த வாக்கியம் வந்தால், "சரிங்க ஐயா, அதுக்கு நீங்க ஏதாவது செய்வீங்களா, விட்டுடுவீங்களா?" என்று ஒரு கேள்வி கூடுதலாகக் கேட்டு, பதிலைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள்.

எதிர்மறை வாக்கியங்களையும் தவிருங்கள். 'தோற்றுவிடுவேன் என்று நினைப்பதில்லை' என்பதற்கு 'ஒருபோதும் இல்லை' என்று விடை சொன்னால், அவர் நினைக்கிறாரா, இல்லையா? கேட்பவருக்கும் தெரியாது, சொல்பவருக்கும் தெரியாது.

நீலகிரியில் தமிழ் எல்லாருக்கும் தாய்மொழி கிடையாது என்பதும் நினைவில் இருக்கட்டும். படுகர் வீட்டில் படுக மொழி, கூடலூர்ப் பக்கம் நிறைய வீடுகளில் மலையாளம். இந்தியாவும் இலங்கையும் செய்துகொண்ட 1964 ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து வந்து குடியேறிய தோட்டத் தொழிலாளர் குடும்பங்களின் தமிழில் மலையகத்துச் சொற்கள் கலந்திருக்கும். வீட்டு மொழியில் விளக்கிச் சொல்ல அந்த ஊர்க்காரர் ஒருவர் கூட இருந்தால் நல்லது. ஆனால் அவர் பதிலை எடுத்துக்கொடுப்பவராக இருக்கக் கூடாது.

கேட்கும் இடமும் விதமும்

தோட்டத்தில் காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கும் இடத்தில், மேஸ்திரியும் சூப்பர்வைசரும் நிற்கும்போது கேட்டால், எல்லாரும் "எங்களுக்கு ஒரு குறையும் இல்ல" என்றுதான் சொல்வார்கள். மாமியார் பக்கத்தில் இருக்கும்போது மருமகளிடம் கேட்பதும் அப்படியே. வேலை முடிந்து, குளித்து, அடுப்பு பற்றவைக்கும் முன்னால் ஒரு இடைவெளி இருக்கும். அந்த நேரத்தில் திண்ணையில் உட்காருங்கள். கொழுந்து அதிகமாக வரும் மாதங்களில் அந்த இடைவெளிகூட இருக்காது. அப்போது ஞாயிற்றுக்கிழமைதான்.

ஐந்து படி விடையை எண்களாகச் சொன்னால் பலருக்குப் பிடிபடாது. நான் ஐந்து டீ கிளாஸ் படம் வரைந்த அட்டை வைத்திருக்கிறேன். முதல் கிளாஸ் காலி, கடைசி கிளாஸ் விளிம்பு வரை. "பயம் எவ்வளவு வரும், இதுல தொட்டுக் காட்டுங்க" என்றால் எழுதப் படிக்கத் தெரியாதவரும் தயக்கமில்லாமல் காட்டுகிறார். இது அளவைக் கேட்கும் அட்டை. 'எத்தனை தடவை' என்று கேட்பதற்கு 'எப்பவும் இல்ல, எப்பவாவது, சில சமயம், அடிக்கடி, எப்பவுமே' என்று வேறு அட்டை வேண்டும். இரண்டையும் ஒரே கேள்வியில் கலக்காதீர்கள். எல்லாருக்கும் ஒரே மாதிரி வாசியுங்கள். சிலருக்கு விளக்கிச் சொல்லி, சிலருக்கு வெறுமனே வாசித்தால் பதிலில் உங்கள் குரலும் கலந்துவிடும்.

நேரமும் ஒத்துழைப்பும் இருந்தால், வாய்வழிக் கேள்வியோடு ஒரு நாட்குறிப்பு முறையும் சேருங்கள். பத்து நாள், சாயங்காலம் ஒரு போன். "இன்னைக்கு மனச உறுத்துன விஷயம் ஏதாவது நடந்துச்சா? எப்படி எடுத்துக்கிட்டீங்க?" அவ்வளவுதான். நாம் எப்படிப்பட்டவர் என்று நாமே வைத்திருக்கும் எண்ணமும் அன்றாடம் நாம் நடந்துகொள்வதும் எப்போதும் ஒத்துப்போவதில்லை. போன் சிக்னல் கிடைக்காத பள்ளங்கள் இங்கே நிறைய உண்டு என்பதால் முன்கூட்டியே சோதித்துப் பாருங்கள்.

எண்ணாக்குவது

அச்சுறுத்தல் மதிப்பெண்ணையும் சவால் மதிப்பெண்ணையும் தனித்தனியாக வையுங்கள். ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தோ வகுத்தோ ஒரே எண்ணாக்கும் வழக்கம் உண்டு, எனக்கு அதில் உடன்பாடு இல்லை. மகளைக் கோயம்புத்தூருக்கு அனுப்பும் அம்மாவுக்கு 'என்ன ஆகுமோ' என்பதும் 'பாத்துடலாம்' என்பதும் ஒரே நேரத்தில் ஐந்து ஐந்தாக இருக்கும். எதிலும் ஒட்டாமல் இருப்பவருக்கு இரண்டும் ஒன்று ஒன்று. வகுத்தால் இருவருக்கும் விடை ஒன்றே. இந்த இரண்டு பெண்களையும் ஒரே கட்டத்தில் போடும் கணக்கு எதற்கு உதவும்? அச்சமும் சவாலும் ஒன்றாகவே வரலாம் என்று லாசரஸும் ஃபோக்மனும் சொல்லித்தான் இருக்கிறார்கள்.

சராசரியை மட்டும் பார்க்காதீர்கள். விளக்கத்துக்காக நானே எழுதிய எண்கள் இவை. ஆறு சூழ்நிலைக்கும் ஒருவரின் அச்ச மதிப்பெண் 4, 5, 4, 3, 4, 4. சராசரி 4. எதுவாக இருந்தாலும் பயம் முந்திக்கொள்கிறது, இதை வழக்கம் என்று சொல்லலாம். இரண்டாமவர் 1, 5, 5, 2, 1, 4. சராசரி 3. மண் விரிசலுக்கும் காட்டெருமைக்கும் ஆபரேஷனுக்கும் பயப்படுகிறார், மற்றதற்கு இல்லை. மூன்றாமவர் 3, 3, 3, 3, 3, 3. இவருக்கும் சராசரி 3. இவர் எல்லாவற்றையும் நடுநிலையாக எடுத்துக்கொள்பவரா, அல்லது சீக்கிரம் முடியட்டும் என்று நடு கிளாஸையே தொட்டுக்கொண்டிருந்தாரா? தாளைப் பார்த்தால் தெரியாது, நேர்காணல் குறிப்பைத்தான் பார்க்க வேண்டும். அதனால் சராசரிக்குப் பக்கத்தில் மிகக் குறைந்த எண்ணையும் மிக உயர்ந்த எண்ணையும் எழுதுங்கள்.

நம்பகத்தன்மைக்கு எல்லாரும் கணக்கிடுவது க்ரான்பாக் 1951-ல் எழுதிய ஆல்ஃபா. ஒரே பிரிவின் கேள்விகள் எவ்வளவு ஒன்றாக நகர்கின்றன என்று அது காட்டும். 0.7க்கு மேல் இருந்தால் போதும் என்பது பொதுவான பழக்கம். ஆனால் ஒரே கேள்வியை நான்கு விதமாகத் திருப்பிப் போட்டாலும் ஆல்ஃபா ஏறும், கேள்வி குறைவாக இருந்தால் இறங்கும். காட்டெருமையும் கல்லூரியும் ஒன்றாக நகர வேண்டும் என்று எதிர்பார்ப்பதும் கொஞ்சம் அதிகம்தான். நம் வேலைக்கு அதைவிட முக்கியம் மறு அளவீடு: அதே ஆளிடம், இரண்டிலிருந்து நான்கு வாரம் கழித்து, அதே கேள்விகள். அதிலும் நிலையாக நின்றால் சுபாவம் என்ற சொல்லுக்கு அடித்தளம் இருக்கிறது. எந்தெந்தக் கேள்விகள் ஒரு கூட்டமாகச் சேர்கின்றன என்று பார்க்கும் காரணிப் பகுப்பாய்வைச் செய்யச் சொல்லி உங்கள் ஆய்வு வழிகாட்டி வற்புறுத்தினால், 40 பேர் தரவை வைத்துக்கொண்டு அதில் இறங்காதீர்கள். அதற்குச் சில நூறு பேராவது வேண்டும்.

கேட்கப் போகும் முன் சொல்ல வேண்டியது

எதற்காகக் கேட்கிறோம், யார் பார்ப்பார்கள், பிடிக்கவில்லை என்றால் நடுவில் நிறுத்தலாம் என்று முதலிலேயே தெளிவாகச் சொல்லிச் சம்மதம் வாங்குங்கள். தாளில் பெயர் வேண்டாம், எண் போதும். மறு அளவீட்டுக்காக எண்ணையும் பெயரையும் இணைக்கும் பட்டியல் ஒன்று தேவைப்படும். அதைத் தனியாகப் பூட்டி வைத்து, வேலை முடிந்ததும் கிழித்துவிடுங்கள். தனி ஆள் மதிப்பெண்ணைத் தோட்ட நிர்வாகத்திடம் கொடுக்கவே கூடாது. 'இந்த ஆள் எதற்கும் பயப்படுபவர்' என்று ஒரு தாளில் இருந்தால் அது அவருடைய வேலையைத் தொடும்.

கேட்டுக்கொண்டிருக்கும்போது ஒருவர் உடைந்து அழலாம், வாழவே பிடிக்கவில்லை என்று சொல்லலாம். அந்த இடத்தில் வினாத்தாளை மூடிவிடுங்கள். அப்புறம் நீங்கள் ஆய்வாளர் இல்லை, பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் ஒரு ஆள். அவரைத் தனியாக விட்டுவிட்டு வராதீர்கள். 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) இலவச எண்ணில் தமிழில் பேசலாம், அரசு மருத்துவமனையில் மாவட்ட மனநலத் திட்டத்தின் வழியாகவும் உதவி கிடைக்கும். களத்துக்குக் கிளம்பும் முன்பே இந்த விவரங்களைத் தமிழில் துண்டுச் சீட்டாக அச்சடித்துப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். அழுதவருக்கு மட்டும் கொடுத்தால் அவரைத் தனியாகக் காட்டிக்கொடுத்தது போல ஆகிவிடும். பேசிய எல்லாருக்கும் ஒன்று கொடுங்கள்.

ஆய்வேடு முடிந்ததும் பலர் மலை இறங்கிவிடுகிறார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை திரும்பி வாருங்கள். ஊர்ப் பொது இடத்தில் உட்கார்ந்து, ஊர் மொத்தத்தில் என்ன தெரிந்தது என்று பத்து நிமிடம் பேச்சுத் தமிழில் சொல்லுங்கள். நான் அப்படித் திரும்பிப் போய்ப் பேசியபோது ஹட்டியில் அந்த அக்காவும் தங்கையும் வந்து முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். நான் சொல்லி முடித்ததும் அக்கா, "விலைக்கும் மழைக்கும் கேட்ட சரி, கொழுந்து பறிக்கக் கூலி ஆளு கெடைக்காததக் கேக்கலயே" என்றார். அடுத்த தடவை அது ஏழாவது சூழ்நிலையாகச் சேர்ந்தது.